மலேசிய லைசென்ஸ் வைத்திருக்கும் மனைவி பொள்ளாச்சியில் கார் ஓட்டலாமா?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். என் மனைவி ஈப்போவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், மலேசியக் குடிமகள், வயது 34. திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது, பதிவும் செய்திருக்கிறோம். ஒன்றரை வருடமாக இங்கேயே குடியிருக்கிறோம். அங்கே பத்து வருடம் கார் ஓட்டியவர். வரும்போது எடுத்துவந்த சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் காலாவதியாகிவிட்டது. போன மாதம் உடுமலை ரோட்டில் வண்டியை நிறுத்தி 5,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவரைக் கேட்டால், "வெளிநாட்டுக்காரருக்கு வாங்கறது பெரும்பாடுங்க. ஒரு வோட்டர் ஐடி எடுத்துக் குடுங்க, இந்தியர்னே போட்டு முடிச்சுரலாமுங்க" என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யக் கூடாது. உங்கள் மனைவி மலேசியராகவே விண்ணப்பித்து முறையான லைசென்ஸ் வாங்க முடியும். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது, ஒரு சலுகையும் கொடுத்திருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் அந்த வோட்டர் ஐடி யோசனையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

இந்தியக் குடிமகன் அல்லாதவர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற முடியாது. பட்டியலில் சேர்வதற்காகப் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று இருக்கிறது. உங்கள் மனைவி இந்த நாட்டில் தங்கியிருப்பதே விசாவின் பேரில்தான். "நான் இந்தியர்" என்று ஒரு அரசுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது தெரியவந்தால், விசா நீட்டிப்பும் பிற்பாடு ஓ.சி.ஐ. (இந்தியரை மணந்த வெளிநாட்டவரும் வாங்கக்கூடிய நீண்டகாலத் தங்கும் அட்டை) விண்ணப்பமும் அந்த ஒரு கையெழுத்தில் அடிபட்டுப் போகலாம். கார் ஓட்டுவதற்காகக் குடும்பத்தையே பணயம் வைக்க வேண்டாம்.

சரி, இப்போது அபராதம் ஏன் விழுந்தது என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 3-ஆம் பிரிவு, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. ஓட்டுநர் உரிமம் என்றால் இந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட உரிமம் என்று 2(10)-ஆம் பிரிவு விளக்கம் தருகிறது. ஆகவே மலேசிய லைசென்ஸ் எத்தனை வருடப் பழையதாக இருந்தாலும் இங்கே அது தனியாக நிற்காது. இதுவரை அதற்கு முட்டுக் கொடுத்தது சர்வதேச பெர்மிட். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி கொடுக்கப்படும் அந்த பெர்மிட்டின் ஆயுள் ஓராண்டுதான். அது வந்து போகிறவர்களுக்கானது, குடியிருப்பவர்களுக்கானது அல்ல.

அபராதம் கட்டியாயிற்று, விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 181-ஆம் பிரிவு ஓட்டியவரைப் பிடிக்கிறது. 180-ஆம் பிரிவு வண்டியின் உரிமையாளரைப் பிடிக்கிறது. உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கார் உங்கள் பெயரில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

உண்மையான ஆபத்து இன்சூரன்ஸில் இருக்கிறது. நாளைக்கு அந்த உடுமலை ரோட்டிலேயே ஒரு டூவீலர்காரர் மீது கார் மோதிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இன்சூரன்ஸ் கம்பெனியை முதலில் பணம் கட்டச் சொல்லும், பிறகு அந்தத் தொகையை உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள அனுமதிக்கும். 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உரிமையாளர் தெரிந்தே விதியை மீறினார் என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. உங்கள் விஷயத்தில் அதை நிரூபிப்பது ரொம்பச் சுலபம். போன மாதம் கட்டிய அபராத ரசீதே சாட்சி. "எனக்குத் தெரியாது" என்று இனி நீங்கள் சொல்லவே முடியாது. உயிரிழப்பு வழக்குகளில் இழப்பீடு எவ்வளவு வரும் என்பது உங்களுக்கும் தெரியும். வசூல் நடவடிக்கை என்று வந்தால் தோப்புதான் ஜப்திக்கு வரும். உங்கள் காருக்கு ஆன சேதத்துக்கும் கம்பெனி கைவிரித்துவிடும். அதனால் லைசென்ஸ் விஷயம் முடிகிறவரை அவர் தனியாகக் காரை எடுக்க வேண்டாம், தோப்பு வரைக்கும்தானே என்றாலும் வேண்டாம்.

இனி அந்தச் சலுகை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது. சட்டத்தின் 9(3)-ஆம் பிரிவில் உள்ள விலக்கின்படி, வெளிநாட்டு அரசின் தகுதியான அதிகாரி கொடுத்த உரிமம் வைத்திருப்பவர், அதே வகை வண்டிக்கு இங்கே விண்ணப்பித்தால் ஓட்டிக் காட்டும் தேர்வு தேவையில்லை. 8(3)-ஆம் பிரிவு சொல்லும் மருத்துவச் சான்று நிபந்தனையை நிறைவேற்றினால் போதும். சொந்த உபயோக காருக்கு, அதுவும் 34 வயதில், மருத்துவச் சான்றை வழக்கமாகக் கேட்பதில்லை. ஆனாலும் அரசு மருத்துவர் ஒருவரிடம் படிவம் 1ஏ வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விலக்கைக் கேட்கப் போகிறவர் அந்த ஒரு தாளுக்காகத் திரும்பி வரக் கூடாது.

'அதே வகை வண்டி' என்பதைக் கவனியுங்கள். மலேசிய லைசென்ஸில் 'டி' என்று இருந்தால் அது காருக்கு மட்டும். 'பி2' போன்ற மோட்டார்சைக்கிள் வகையும் இருந்தால்தான் டூவீலருக்கு இந்த விலக்கைக் கேட்கலாம். இல்லையென்றால் ஸ்கூட்டருக்கு எல்லோரையும் போல எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியதுதான்.

விலக்கு ஓட்டும் தேர்வுக்குத்தான். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள், வீண் வாக்குவாதம் மிச்சம். லைசென்ஸுக்கான அரசின் சாரதி இணையதளத்தில் படிவம் 2-ஐ நிரப்பும்போது குடியுரிமை என்ற இடத்தில் மலேசியா என்றே போடுங்கள். பாஸ்போர்ட், விசா, மலேசிய லைசென்ஸ், இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளம்) வழியாகப் பதிவு செய்த தங்கும் அனுமதி, முகவரிச் சான்று ஆகியவற்றின் அசலும் நகலும் வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர்கள் வந்த 14 நாளுக்குள் அந்தப் பதிவைச் செய்திருக்க வேண்டும். செய்யாமல் விட்டிருந்தால் முதல் வேலை அதுதான். முகவரிக்கு ஆதார் உதவும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருந்தால் வெளிநாட்டவரும் ஆதார் வாங்கலாம். உங்கள் மனைவி அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டார். மலேசிய லைசென்ஸ் உண்மையானதுதானா என்ற சந்தேகம் எழுந்தால், சென்னையில் இருக்கும் மலேசியத் துணைத் தூதரகத்தில் ஒரு கடிதம் கேட்டுப் பாருங்கள்.

மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, லைசென்ஸுக்கு 200, அதன்மேல் சேவைக் கட்டணம் கொஞ்சம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழிந்ததும் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். இடைப்பட்ட நாட்களில் எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் கார் ஓட்டலாம்.

லைசென்ஸ் விண்ணப்பத்தோடு 9(3)-ஐக் குறிப்பிட்டு ஒரு பக்க மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். கவுண்டரில் இருப்பவர் இதுவரை இப்படி ஒரு மனுவைப் பார்த்திராமல் இருக்கலாம். கோபப்படாமல் சட்டப் பிரிவின் நகலைக் காட்டுங்கள். "வெளிநாட்டவருக்குக் கொடுக்க மாட்டோம்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் வந்துவிடாதீர்கள். உரிமம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது 17-ஆம் பிரிவு. அந்த உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விலக்கைத் தர மாட்டேன், ஓட்டிக் காட்டட்டும் என்று மட்டும் சொன்னால், என் அபிப்பிராயத்தில் ஓட்டிக் காட்டிவிடுவதே மேல். பத்து வருடம் ஓட்டிய கை, மலேசியாவிலும் சாலையின் இடதுபக்கம்தான். 300 ரூபாய் தேர்வுக் கட்டணத்தோடு வேலை முடிந்துவிடும்.

பொள்ளாச்சி ஆபீஸுக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்துக்குள் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். கோவையில் சௌகரியம் என்றால் அங்கே போங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. இந்தியரை மணந்து, பதிவு செய்த திருமணம் தொடர்ந்து இரண்டு ஆண்டு நீடித்திருந்தால் மனைவி ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்கலாம். அது குடியுரிமை அல்ல, வோட்டும் கிடையாது. ஆனால் விசா நீட்டிப்பும் எஃப்.ஆர்.ஆர்.ஓ. பதிவும் தேவைப்படாது. லைசென்ஸுக்காகத் திரட்டும் அதே காகிதங்களில் பாதி அதற்கும் ஆகும். திருமணப் பதிவுச் சான்றின் சான்றிட்ட நகலை மட்டும் இந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.