மலைப்பாதையில் கடகடக்கும் பழைய கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: "எஞ்சினில் சத்தம், என்ன செய்யலாம்?" வெறுமனே சத்தம் என்றால் நான் என்னவென்று சொல்ல? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஏற்றத்திலா, இறக்கத்திலா? அக்ஸிலேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? இதையெல்லாம் எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம். ஒரு நாள் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, அப்பா வைத்திருந்த கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று நான்கு விநாடி கடகடவென்று சத்தம் வந்து, அப்புறம் நின்றுவிடுகிறது. டெப்பட் என்று ஒருவர் சொல்கிறார். எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? (ஆசிரியர், ஹட்டன்)

சேர், இப்போதைக்கு இருவரையுமே நம்ப வேண்டாம். டெப்பட் (வால்வை அமுக்கும் பாகத்துக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளி) சத்தம் தையல் மெஷின் ஓடுவதுபோல சீராக "டிக் டிக்" என்று வரும். மூன்று விநாடியில் அது நிற்காது. எஞ்சினை இறக்குவது பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

நாளை காலை ஸ்டார்ட் செய்யும்போது டாஷ்போர்டில் இருக்கும் ஒயில் விளக்கைப் பாருங்கள். விளக்கு அணையும் அதே நேரத்தில் சத்தமும் நின்றால், இரவில் ஒயில் கீழே வடிந்து, மறுபடி பெயாரிங்குகளுக்கு ஏறிவரத் தாமதமாகிறது என்று பொருள். பில்டர் எலிமென்டையும் அதன் சீலையும் மாற்றி, 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றிப் பாருங்கள். பல சமயம் அதோடு சரியாகிவிடும். சத்தத்தை அமுக்குகிறேன் என்று தடித்த ஒயிலை ஊற்றுகிறவர்கள் இங்கே நிறைய. மத்தியானம் எஞ்சின் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் காலைக் குளிரில் அந்த ஒயில் தேன்போல நகரும், நமக்குப் பிரச்சினையே காலையில்தானே?

விளக்கு அணைந்த பிறகும் சத்தம் தொடர்ந்தால், அல்லது சூடான பிறகு ஐட்லிங்கில் திரும்பவும் வந்தால், டைமிங் சங்கிலியை, அதாவது வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்டைச் சுழற்றும் சங்கிலியைச் சந்தேகப்படுங்கள். தகர டப்பாவுக்குள் சாவிக்கொத்தைப் போட்டு ஆட்டுவதுபோல இருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் நுனியை எஞ்சினின் முன்பக்கத்து டைமிங் கவரில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்துங்கள். பேன் பெல்ட்டுக்கு அருகில் வேலை, சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், கழுத்தில் துண்டு வேண்டாம். பிறகு நுனியை எஞ்சினின் மேலே வால்வுகளை மூடியிருக்கும் ரொக்கர் கவருக்கு மாற்றுங்கள். இரண்டில் எங்கே சத்தம் உரக்கக் கேட்கிறது என்பது பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

இந்த எஞ்சினில் சங்கிலியை இறுக்க உள்ளதெல்லாம் கேம் பற்சக்கரத்தில் மாட்டிய ரப்பர் வளையங்கள்தான். அறுபது வருட ரப்பர் கருங்கல்லாகித்தான் இருக்கும். கவரைக் கழற்ற ரேடியேட்டரை எடுக்க வேண்டும், எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கலாம். விரும்பினால் இரட்டை வரிசைச் சங்கிலி போடலாம். அதற்குப் பற்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், முன் பிளேட்டில் சங்கிலிக்குப் பின்னால் வரும் திருகுகளையும் தலை உள்ளே அமிழும் வகைக்கு மாற்ற வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடும்போது முழு செட்டாகவே கேளுங்கள்.

கேள்வி: ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ55. நுவரெலியாவில் ஓடும்போது சத்தமே இல்லை. கொழும்பிலிருந்து திரும்பும்போது கித்துல்கல தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எஞ்சினுக்குள் சில்லறை குலுங்குவதுபோலக் கேட்கிறது. ஹட்டன் தாண்டினால் குறைந்துவிடுகிறது. பெற்றோல் கலப்படமா?

பெற்றோல்மீது பழி போடுவதற்கு முன் காற்றைப் பார்ப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அதனால் அமுக்கமும் குறைவு. டைமிங்கை (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், முன்பு சொன்ன சங்கிலி அல்ல) கொஞ்சம் அதிகமாக முன்தள்ளி வைத்தாலும் எஞ்சின் முனகாது, இழுவைகூட நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். உங்கள் காருக்கு மலையிலேயே வைத்துக் காதால் டைமிங் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். அதே காரைத் தாழ்நிலத்துக்குக் கொண்டுபோனால் சிலிண்டர் நிறையக் காற்று. அங்கிருந்து நாலாவது கியரிலேயே மெதுவாக ஏறினால், கலவை நேரத்துக்கு முன்பே வெடித்துச் சிலிண்டருக்குள் அறைகிறது. மேலே வர வரக் காற்று மெலிகிறது, சத்தமும் மெலிகிறது. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் விரலால் திருப்பக்கூடிய சின்னத் திருகு ஒன்று உண்டு, இரு புறமும் ஏ (முன்தள்ள), ஆர் (பின்தள்ள) என்ற எழுத்துகளோடு. ஆர் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, அதே ஏற்றத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். பாறை வெட்டிய இடத்தையோ மதகுச் சுவரையோ ஒட்டிப் போகும்போது கண்ணாடியை இறக்கினால் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும், தெளிவாகக் கேட்கும். குறையாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், இல்லை சிலிண்டர் ஹெட்டில் கரி படிந்திருக்கலாம். 95 ஒக்டேன் அடித்தால் சத்தம் அடங்கலாம். ஆனால் டைமிங் பிழையைக் காசு கொடுத்து மறைப்பதுதான் அது. அந்தக் காலத்து எஞ்சினுக்கு 92 தாராளம். அதுவரை ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறங்குங்கள், பிஸ்டன் தப்பிக்கும்.

கேள்வி: பண்டாரவளையில் பீட்டில் வைத்திருக்கிறேன். ஐட்லிங்கில் பின்னாலிருந்து ஒரு "கடக்". கிளச்சை மிதித்தால் மறைகிறது.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பின்னாலிருக்கும் பெரிய புல்லியை இரு கைகளாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து, உள்ளே தள்ளுங்கள். அசைவு தெரியவே கூடாது. "டொக்" என்று கேட்டால் கிராங்க் ஷாப்ட் முன்பின்னாக ஆடுகிறது. இந்த இடைவெளி 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், 0.15க்கு மேல் போனால் ஓட்டாதீர்கள். பிளைவீலுக்குப் பின்னாலுள்ள ஷிம்களை (மெல்லிய வளையத் தகடுகளை) மாற்றிச் சரிக்கட்டலாம். பெயாரிங் உட்காரும் இடமே தேய்ந்திருந்தால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். ஆடவில்லையா? அப்படியானால் கியர்பொக்ஸின் முன் பெயாரிங்கைப் பாருங்கள்.

கேள்வி: லேண்ட் ரோவர், 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின். சூடானதும் ஆழத்திலிருந்து இடிப்பதுபோல ஒரு சத்தம். தோட்டத்துக்குப் போய்வர மட்டும்தான் பாவிக்கிறோம். கொஞ்ச நாள் ஓட்டலாமா? (மஸ்கெலியா)

கூடாது, தம்பி. நான் ஓட்டியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். கராஜில் வேலை பழகிய காலத்தில், உலக்கை இடிப்பதுபோன்ற சத்தத்தோடு ஒரு வண்டியைத் "தலவாக்கலை வரைதானே" என்று எடுத்துப் போனேன். கொட்டகலை தாண்டி ஒரு திருப்பத்தில் கனெக்டிங் ரொட் பிளொக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. வீதி முழுக்கக் கறுப்பு ஒயில். முதலாளி திட்டவில்லை, மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்.

பரிசோதனை எளிது. எஞ்சின் சூடாக இருக்கும்போது சத்தம் வரும் வேகத்தில் வைத்து, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றினால் இடி அமுங்குகிறதோ, அந்தச் சிலிண்டரின் பிக் எண்ட் பெயாரிங் (கனெக்டிங் ரொட் கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பெயாரிங்) போய்விட்டது. ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுக்கும் துகள்கள் காந்தத்தில் ஒட்டாவிட்டால் பெயாரிங் உலோகம்தான். வண்டியிலேயே எஞ்சினை வைத்துக்கொண்டு சம்ப்பைக் கழற்றிப் பார்க்கலாம். இப்போது நிறுத்தினால் பெயாரிங் ஷெல் செலவோடு போகலாம், இன்னும் பத்து நாள் ஓட்டினால் கிராங்க் கடைசல்.

கேள்வி: மினி. புறப்படும்போது மட்டும் கடகட. (நாவலப்பிட்டி)

எஞ்சினின் மேல் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பியின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, எஞ்சினையே கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நிறைய ஆடினால் அதுதான். எஞ்சின் ஆடும்போது சைலன்சர் குழாயும் அடிபடும், கிளாம்பையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மொரிஸில் எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் டெப்பட் பார்க்கச் சொல்கிறீர்களே, ஏன் அண்ணன்?

சென்ற முறை நான் எழுதியதைக் கவனித்த ஒரே ஆள் நீங்கள்தான்! இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. பழைய ஹெட்களில் வால்வ் உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தைபோல இருந்தது. அது இல்லாமல் நீண்ட ஏற்றங்களில் முழு மிதியில் ஓடினால், எக்ஸோஸ்ட் வால்வ் மெல்ல மெல்லத் தன் இருக்கைக்குள் புதையும். அப்போது டெப்பட் இடைவெளி அதிகரிக்காது, குறையும். சத்தம் குறையக் குறைய "எஞ்சின் மெருகேறிவிட்டது" என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். இடைவெளி முழுக்கப் போனதும் வால்வ் மூடாமல் எரியும்.

குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குல பீலர் கேஜை வைத்துப் பாருங்கள். எந்த வால்வ் என்று குழம்ப வேண்டாம்: எட்டாவது வால்வ் முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைப் பாருங்கள், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். அளவைக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரே வால்வ் ஒவ்வொரு முறையும் இறுகியே இருந்தால், ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் போடுகிற நேரம் வந்துவிட்டது.