இணைப்பு எங்கே இருக்கவேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தமிழ் விக்கிப்பீடியாவில் சில மாதங்களாகக் கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். பத்தியெங்கும் நீல நிறச் சொற்கள் நிறைந்திருப்பது வாசிப்பைக் குலைக்கிறது. தொடர்புடைய கட்டுரைகள் அனைத்தையும் இறுதியில் ‘இவற்றையும் பார்க்க’ என்று ஒரே பட்டியலாகத் தந்தால் போதாதா?

கே.

அன்புள்ள கே.,

‘நீர்’, ‘மண்’, ‘ஊர்’ என்று கண்ணில் பட்ட சொல்லுக்கெல்லாம் இணைப்பு தருவது தவறுதான். அவற்றை நீக்குங்கள், ஒரே கட்டுரைக்கு மீண்டும் மீண்டும் தருவதையும் நீக்குங்கள். ஆனால் மிஞ்சுபவற்றை இறுதிக்குக் கொண்டுபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லணை பற்றிய கட்டுரையின் அடியில் ‘கரிகாலன், கொள்ளிடம், ஆர்தர் காட்டன்’ என்று மூன்று பெயர்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். சோழன் கட்டிய அணையின் பக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளருக்கு என்ன வேலை என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. ‘காவிரி நீர் கொள்ளிடத்தில் மிகுதியாகப் போய்விடுவதைத் தடுக்க, 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார்’ என்று எழுதி, அங்கேயே கொள்ளிடம், காட்டன், மேலணை மூன்றுக்கும் இணைப்பு தந்தால், எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று அறிந்தே வாசகர் சொடுக்குவார். பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த திதரோ, 18ஆம் நூற்றாண்டிலேயே, ‘பார்க்க’ என்னும் குறிப்புகளைக் கலைக்களஞ்சிய ஒழுங்கின் மிக முக்கியமான பகுதியாகக் கருதினார். அகரவரிசை பிரித்துப் போட்டவற்றை அவைதானே மீண்டும் சேர்க்கின்றன!

தமிழில் இதற்குக் கூடுதல் உழைப்பு தேவை என்பது உண்மை. ‘மதுரை’யை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டு, வெளியே ‘யில்’ சேர்த்தால் வேலை முடிந்தது. ‘கொள்ளிடம்’ உருபேற்றுக் ‘கொள்ளிடத்தில்’ ஆகிவிடுவதால், அடைப்புக்குள் முதலில் கட்டுரைத் தலைப்பையும், ஒரு செங்குத்துக் கோட்டுக்குப் பின் வாக்கியத்தில் வரும் வடிவத்தையும் எழுதவேண்டும். இதற்குச் சோம்பி, தலைப்புச் சொல் மாறாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே ‘கொள்ளிடம் என்பதில்’ என்று வாக்கியத்தை முறிப்பவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது. தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

இறுதிப் பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுரையின் ஓட்டத்தில் இடம் கிடைக்காத, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க கட்டுரைகளுக்கு அது உரியது. கல்லணைக்குச் சீனாவின் துஜியாங்யான் பாசன அமைப்பை அங்கே தரலாம், பக்கத்திலேயே ‘பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டு இன்றும் பயன்பாட்டில் உள்ளது’ என்று அரை வரி சேர்த்துவிடுங்கள்.