மூடிக் கிடந்த சிலையும் தத்துவத்தின் கிளைகளும்

கேள்வி: மேடம், நான் அல்சூரில் இருக்கிறேன். பி.யு.சி.யில் காமர்ஸ் படித்துவிட்டு இப்போது பி.ஏ. முதல் செமஸ்டர். தத்துவம் ஒரு பாடம். மெட்டாஃபிசிக்ஸ், எபிஸ்டெமாலஜி, லாஜிக், எத்திக்ஸ், ஈஸ்தெடிக்ஸ் என்று எல்லாக் கிளைக்கும் டெஃபினிஷனை மனப்பாடம் செய்தேன். இன்டர்னல் டெஸ்டில் சில கேள்விகளைக் கொடுத்து, ‘இது எந்தக் கிளை’ என்று எழுதச் சொன்னார்கள். பத்துக்கு மூன்றுதான் வந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது? ஆட்டோ ஓட்டும் அப்பா வேறு, ‘இது சாமியார் ஆகிற படிப்பா’ என்று கேட்கிறார்.

பதில்: தம்பி, பத்துக்கு மூன்று ஒன்றும் மோசமில்லை. நான் பாடம் எடுத்த வருஷங்களில் முதல் டெஸ்டில் பாதி வகுப்பு அங்கேதான் நிற்கும். காரணமும் ஒன்றேதான். கிளை என்ற சொல் ஏமாற்றும். மாமரத்தில் இந்தக் கிளையில் தொங்கும் காய் அடுத்த கிளையில் தொங்காது. தத்துவத்தில் ஒரே காய் எல்லாக் கிளையிலும் தொங்கும். நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை வைத்துக் கிளையைச் சொல்ல முடியாது. அதைப் பற்றி என்ன கேட்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

உங்கள் டெஸ்டில் கடவுள் என்ற சொல் இரண்டு மூன்று முறையாவது வந்திருக்கும். பார்த்தவுடன் மெட்டாஃபிசிக்ஸ் என்று எழுதியிருப்பீர்கள். ‘கடவுள் இருக்கிறாரா’ என்றால் அது சரி, என்ன இருக்கிறது என்று கேட்கும் கிளை அது. ‘இருக்கிறார் என்பதை அறிய முடியுமா’ என்றால் எபிஸ்டெமாலஜி, அறிவைப் பற்றிய கிளை. ‘கடவுள் சொன்னதால்தான் ஒரு செயல் நல்லதாகிறதா’ என்றால் எத்திக்ஸ், நல்லது கெட்டதைப் பற்றிய கிளை. சொல் ஒன்று, கிளை மூன்று.

டெஃபினிஷனை மூடி வைத்துவிட்டு உங்கள் ஏரியாவிலேயே ஒன்றைப் பார்ப்போம். அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை இருக்கிறதே, அது 1991ல் நிறுவப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் திறக்கவே இல்லை. பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9ல்தான் திறந்தார்கள். நீங்கள் கைக்குழந்தையாக இருந்திருப்பீர்கள். அந்த வருஷங்களில் அந்தப் பக்கம் போய் வந்த எங்களுக்கெல்லாம் தெரிந்தது மூடி வைத்த ஓர் உருவம்தான்.

சரி, உள்ளே இருப்பது வள்ளுவர்தான் என்று எங்களுக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வி விழுந்த இடம்தான் எபிஸ்டெமாலஜி. தமிழில் அறிவாய்வியல் என்போம். கண்ணால் பார்க்கவில்லை. உருவத்தின் உயரத்தையும் வடிவையும் வைத்து ஊகித்தோம். பேப்பரில் படித்தோம், பெரியவர்கள் சொல்லக் கேட்டோம். காண்டல், கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் சொல்லும் மூன்று அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், முதலாவது இல்லாமல் மற்ற இரண்டை வைத்தே ‘தெரியும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி இந்தப் பட்டியலைப் பத்தாக நீட்டுவான். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமாகப் போய் ‘உங்கள் கொள்கை என்ன’ என்று கேட்டு வருகிறாளே மணிமேகலை, அவளும் ஒரு வகையில் முதல் செமஸ்டர் மாணவிதான்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம், இது எனக்குப் பிடித்த இடம். ஒன்றை நம்புகிறோம், அது உண்மையாகவும் இருக்கிறது, நம்பத் தகுந்த காரணமும் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அறிவு என்று ஒரு விளக்கம் ரொம்ப காலம் ஓடியது. 1963ல் எட்மண்ட் கெட்டியர் என்ற தத்துவவாதி, மூன்றும் இருந்தும் அறிவு என்று சொல்ல முடியாத உதாரணங்களை மூன்றே பக்கக் கட்டுரையில் காட்டி அதை அசைத்துவிட்டார். உங்கள் பாடப் புத்தகத்தில் அவர் இருப்பார். எட்டாம் நூற்றாண்டு பௌத்தர் தர்மோத்தரர் இருப்பாரா என்பது சந்தேகம்தான். அதே மாதிரி தர்மோத்தரர் சொன்ன உதாரணம் இது. இறைச்சி சுடுவதற்காக ஒருவன் அப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறான். புகை இன்னும் எழவில்லை, ஆனால் வாடைக்குப் பூச்சிகள் கூட்டமாக மேலே மொய்க்கின்றன. தூரத்தில் நிற்பவன் அதைப் புகை என்று நினைத்து, ‘அங்கே நெருப்பு இருக்கிறது’ என்கிறான். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. அவன் சொன்னது உண்மை. ஆனால் அவனுக்குத் தெரியுமா? உங்கள் நண்பனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், டீ ஆறிப்போகும்.

மெட்டாஃபிசிக்ஸ் என்ற பெயரைக் கண்டு மிரள வேண்டாம். கிரேக்கத்தில் மெட்டா என்றால் ‘அப்புறம்’. அரிஸ்டாட்டிலின் நூல்களைப் பிற்காலத்தில் தொகுத்தபோது, இயற்கை பற்றிய நூல்களுக்கு அப்புறம் வைத்தவற்றுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. என்ன இருக்கிறது, இருப்பது என்றால் என்ன என்பதுதான் அங்கே விஷயம். அதே சிலைக்கே வாருங்கள். ஒரு உலோகச் சிலையை உருக்கி அண்டா செய்தால் உலோகம் அப்படியே இருக்கிறது, சிலை போய்விட்டது. ஒன்று போய் மற்றது மிஞ்சுகிறது என்றால் இரண்டும் வேறு வேறு பொருள்களா? அப்படியானால் உருக்குவதற்கு முன் ஒரே பீடத்தில் இரண்டு பொருள்களா நின்றன? சிரிப்பு வரும். ஆனால் எது தப்பு என்று சொல்லப் பாருங்கள், சுலபமில்லை.

ஈஸ்தெடிக்ஸை, அதாவது அழகையும் கலையையும் பற்றிய அழகியலை, சீக்கிரம் கடந்துவிடலாம், முதல் செமஸ்டரில் அதிகம் வராது. வள்ளுவரின் முகம் யாருக்கும் தெரியாது. பின்னே அந்தச் சிலை அவருடைய சிலை ஆனது எப்படி? இது ஈஸ்தெடிக்ஸ். எல்லோருக்கும் பொதுவான இடத்தில் யார் சிலை நிற்கலாம், அதை முடிவு செய்வது யார்? இது அரசியல் தத்துவம். அல்சூரில் திறந்த நான்காம் நாள், ஆகஸ்ட் 13ல், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். இங்கே வள்ளுவர், அங்கே சர்வக்ஞர் என்ற அந்தப் பரிமாற்றம் நியாயமா, வெறும் ராஜதந்திரமா என்பதும் அதே கிளைதான்.

லாஜிக் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. வாதம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அது, மற்ற எல்லாக் கிளைக்கும் கருவி. ‘மழை பெய்தால் ரோடு நனையும். ரோடு நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது.’ பெங்களூரில் இருந்துகொண்டு இதை நம்பக் கூடாது. தண்ணீர் டேங்கர் ஒழுகிக்கொண்டே போயிருக்கலாம். இன்னொன்று: ‘அல்சூர்க்காரர் எல்லோருக்கும் நீச்சல் தெரியும். என் பாட்டி அல்சூர்க்காரர். ஆகவே பாட்டிக்கு நீச்சல் தெரியும்.’ முதல் வரி பொய். ஆனால் வாதத்தின் வடிவத்தில் குற்றம் இல்லை. உண்மை வேறு, வடிவம் சரியாக இருப்பது வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் லாஜிக்கில் பாதி முடிந்தது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் கிளையின் பெயர், தத்துவவாதியின் பெயர் எதையும் சொல்லாதீர்கள். சவாரி இறங்கின பிறகு பின் சீட்டில் ஒரு விலை உயர்ந்த போன் கிடக்கிறது, யாரும் பார்க்கவில்லை, என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். திருப்பிக் கொடுப்பேன் என்றுதான் சொல்வார். ஏன் என்று கேளுங்கள். ‘பாவம், அந்த ஆளுக்கு எவ்வளவு கஷ்டம்’ என்றால் விளைவைப் பார்க்கிறார், விளைவை வைத்தே நல்லது கெட்டதை அளந்த பெந்தாமும் மில்லும் அந்தப் பக்கம். ‘எல்லோரும் எடுத்து வைத்துக்கொண்டால் யார் ஆட்டோவில் ஏறுவார்’ என்றால் ‘எல்லோருக்கும் விதியாக்க முடிந்ததையே செய்’ என்று கான்ட் 1785ல் எழுதியதற்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டார். ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்றால் ஆளின் குணத்தைப் பார்க்கிறார், அது அரிஸ்டாட்டில். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாலும் ஆச்சரியமில்லை. எத்திக்ஸ் என்ன படிப்பு என்று அதற்கு மேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்காது.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். மெட்டாஃபிசிக்ஸ்தான் அடிப்படை, அங்கே தொடங்கு என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். முதல் மாதம் லாஜிக், கூடவே எபிஸ்டெமாலஜி. மற்றவை தானாகப் பின்னால் வரும். வாசிக்க, பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912ல் எழுதிய ‘தி ப்ராப்ளம்ஸ் ஆஃப் ஃபிலாசஃபி’ என்ற சின்ன அறிமுகப் புத்தகம் போதும். ஒரு மேசையைப் பார்த்துக்கொண்டே தொடங்கும் புத்தகம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இணையத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் களஞ்சியத்தை இப்போதே திறக்காதீர்கள். தரமானதுதான், ஆனால் முதலாண்டுக்குக் கடினம். வீட்டில் படிக்க இடமில்லை என்றால் பசவனகுடியில் 1945 முதல் இருக்கும் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் வேர்ல்டு கல்ச்சர் நூலகத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

படிக்கும்போது பென்சிலோடு உட்காருங்கள். ‘ஆகவே’, ‘ஏனெனில்’ வருகிற இடங்களில் கோடு போடுங்கள். முடிவு எது, காரணம் எது என்று இரண்டே வரியில் நோட்டில் எழுதி, மூன்றாவது வரியில் உங்கள் ஆட்சேபத்தை எழுதுங்கள். பரீட்சையிலும் இதுதான் மார்க் வாங்கும். ஆறு தத்துவவாதிகளின் பெயரை அடுக்குவதைவிட ஒருவருடைய வாதத்தை ஒழுங்காகச் சொல்லி அதற்கு ஒரு ஆட்சேபம் எழுதியவருக்குத்தான் நான் கூடுதல் மார்க் போட்டிருக்கிறேன். டெஸ்ட் பேப்பர் கைக்கு வந்திருந்தால் தவறிய ஏழு கேள்விகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சொல்லை அடித்துவிட்டு மீதியை மட்டும் படித்துப் பாருங்கள்.