கியர் இல்லாத சைக்கிளும் கண்மாய்க் கரையும்: வாசகர் கேள்வி – பதில்

என்னிடம் இருப்பது கியர் இல்லாத 26 இஞ்ச் சைக்கிள். டயர் மட்டும் அகலம். அரிட்டாபட்டிப் பக்கம் வண்டிப்பாதைகளில் ஓட்ட ஆசை. கியரும் ஷாக் அப்சார்பரும் இல்லாமல் முடியாது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?
– கல்லூரி மாணவர், மேலூர்

தாராளமாக முடியும். மண்பாதையிலும் மலையிலும் சைக்கிள் ஓட்டும் இந்த ‘மவுண்டன் பைக்கிங்’ விளையாட்டு வளர்ந்ததே இப்படிப்பட்ட வண்டிகளில்தான். 1976 அக்டோபர் 21-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு செங்குத்தான மண்பாதையில் முதல் ‘ரீபேக்’ பந்தயம் நடந்தது. வந்தவர்கள் நம்பியிருந்தது முப்பது, நாற்பது வருடத்துப் பழைய குண்டு டயர் சைக்கிள்களை. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப் சூடாகி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ‘ரீபேக்’ (மறுபடி அடைப்பது) என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

எளிய வண்டியின் சுகமே தனி. ஷாக் அப்சார்பர் இல்லாததால் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும்; எந்தத் தடத்தில் போனால் குலுக்கல் குறையும் என்று கண் தானாகத் தேடும். கியர் இல்லாததால் மேட்டுக்கு இருபது அடி முன்பே வேகம் சேர்த்து, எழுந்து நின்று மிதித்து ஏறிவிட வேண்டும். முழங்கையையும் முழங்காலையும் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் அப்சார்பர் செய்யும் வேலையை அவை செய்துவிடும்.

மாற்ற வேண்டியது ஒன்றுதான்: பிரீவீல், அதாவது பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும். ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5 மீட்டர் போகும். தார் ரோட்டுக்குச் சரி; சரளை மேட்டில் முழங்கால் வலிக்கும். 22 பல் போட்டால் அது சுமார் 4.1 மீட்டராகக் குறைந்து, மிதி லேசாகும். இழப்பும் உண்டு: நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் முன்பு 24 கி.மீ. வேகம் வந்த இடத்தில் இனி 20 கி.மீ.தான் வரும். மண்பாதைக்கு அது போதும்.

பிரீவீலை நானே மாற்றலாமா?
– அதே வாசகர்

பிரீவீலைக் கழற்றும் ரிமூவரும், அதை இறுகப் பிடிக்க மேசையில் பொருத்திய ஒரு வைஸும் கிடைத்தால் செய்யலாம். உங்கள் பிரீவீலில் இரண்டு வெட்டா நான்கு வெட்டா என்று பார்த்து, அதற்கேற்ற ரிமூவர் வாங்குங்கள். பின்சக்கரத்தைக் கழற்றி, ரிமூவரை வெட்டுகளில் உட்கார வைத்து, அச்சு நட்டை அதன்மேல் லேசாக முடுக்குங்கள். இதை விட்டால் ரிமூவர் வழுக்கி வெட்டுகள் உடைந்துபோகும். பிறகு அந்தப் பிரீவீலை எடுப்பது பெரும்பாடு. ரிமூவரை வைஸில் பிடித்து, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி இடப்பக்கமாகத் திருப்புங்கள். ‘டக்’ என்று விட்டதும் நட்டைத் தளர்த்திவிட்டு மிச்சத்தைச் சுழற்றி எடுக்கலாம். புதியதைப் பூட்டுமுன் மரையில் கிரீஸ் தடவி, முதல் மூன்று சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் ஹப்பின் மரை போய்விடும். கடைசியில் முடுக்க வேண்டாம், மிதிக்க மிதிக்கத் தானே இறுகும்.

நான்கு பல் கூடுவதால் அச்சை அரை இஞ்ச் முன்னால் நகர்த்தினால் பழைய செயினே போதும். நகர்த்த இடமில்லை என்றால் ஓர் இஞ்ச், அதாவது ஒரு முழு இணைப்பு, சேர்க்க வேண்டும். செயினின் நடுவே விரலால் அழுத்தினால் அரை இஞ்ச் ஆட வேண்டும். அதிகம் ஆடினால் குலுக்கலில் கழலும். ஆடவே இல்லை என்றால் பெடல் இறுகும். பலர் மறப்பது இன்னொன்று: அச்சு நகர்ந்தால் ரிம்மும் நகரும். பிரேக் கட்டை டயரில் உரசாமல் ரிம்மில் முழுசாகப் பதிகிறதா என்று பார்த்துத் திருத்திவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

நாகமலை அடிவாரத்தில் ஓட்டினால் வாரம் இரண்டு பஞ்சர். வழி உண்டா?
– ஆசிரியர், நாகமலை புதுக்கோட்டை

சீமைக்கருவேலம் உள்ள இடத்தில் பஞ்சரே வராமல் தடுக்க முடியாது, குறைக்கலாம். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே பட்டையாக வைக்கும் நம்மூர் வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் வெட்டிய விளிம்பு தடிமனாக இருந்தால் அதுவே டியூபைத் தேய்த்து ஓட்டை போடும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, பவுடர் தூவி வையுங்கள்.

ஒட்டிய மறுநாளே அதே இடத்தில் காற்று இறங்கினால், முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நிற்கிறது என்று அர்த்தம். உள்பக்கம் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். முள் இருந்தால் பஞ்சு சிக்கும். விரலை விடாதீர்கள்.

சொல்யூஷன் தடவியதும் ஈரத்தோடு ஒட்டுவதுதான் ஒட்டு பிரிவதற்கு முதல் காரணம். ஐந்து நிமிடம் காயவிட்டு, தொட்டால் பசை கையில் வராத பதத்தில் ஒட்டி அழுத்துங்கள்.

டியூபில் அருகருகே இரண்டு கீறல் இருந்தால் முள்ளைத் திட்டாதீர்கள். காற்று குறைந்து, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியதால் வந்தது அது. 2.125 இஞ்ச் டயரில், 65 கிலோ எடை உள்ளவர் முன்னால் 28, பின்னால் 32 பவுண்டு காற்று வைத்தால் பிடிப்பும் இருக்கும், நசுங்கவும் செய்யாது.

திருமங்கலம் பக்கம் கரிசல். மழைக்குப் பிறகு சக்கரமே சுற்றுவதில்லை.
– விவசாயி, தே. கல்லுப்பட்டி

ஈரக் கரிசலில் எந்த சைக்கிளும் ஓடாது. நீர் குடித்து உப்பிய களி, டயரில் சுருண்டு மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும். குதிகாலால் அழுத்திப் பாருங்கள். மண் செருப்போடு வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் மிதித்துத் தள்ளாமல், இறங்கிக் குச்சியால் சுரண்டுங்கள். இறுக மிதித்தால் பின்அச்சு இழுபட்டுச் சக்கரம் கோணலாகும். காய்ந்த கரிசலில் வெடிப்புதான் ஆபத்து, குறுகிய டயர் உள்ளே இறங்கிவிடும். வண்டித்தடத்தின் நடுவில் இருக்கும் புல் பட்டையில் ஓட்டுங்கள்.

மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று சத்தம். பழைய இரும்பு சைக்கிள்.
– வாசகி, வாடிப்பட்டி

பெரும்பாலும் காட்டர் பின், அதாவது பெடல் தண்டான கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆணி, தளர்ந்திருக்கும். நட்டை மட்டும் முடுக்கினால் மரை பிய்ந்துபோகும். கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்கிய பிறகே நட்டை முடுக்க வேண்டும். பின் ஏற்கெனவே நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். 50 கி.மீ. ஓட்டியதும் மறுபடி தட்டிப் பாருங்கள்.

கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது தலைகுப்புற விழுந்துவிடுவோமோ என்று பயம்.
– பிளஸ் டூ மாணவி, ஒத்தக்கடை

பெடல் இரண்டையும் சமமட்டத்தில் வைத்து, சீட்டிலிருந்து எழுந்து இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். சரிவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சரிவில் இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். முன்பிரேக்கை ஒரேயடியாக அமுக்கினால்தான் குப்புற விழுவீர்கள். பின்பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் இழுபட்டுக்கொண்டே போகும். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. இறங்குமுன் லேசாக அமுக்கி ஓட்டி ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

எங்கெல்லாம் ஓட்டலாம்?
– பலர்

பேரணையிலிருந்து மேலூர்ப் பக்கம் வரும் பெரியாறு பிரதானக் கால்வாயின் கரை, கிராமத்து வண்டிப்பாதைகள், காய்ந்த கண்மாய்க் கரைகள். அழகர்மலை காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். அங்கே வண்டிப்பாதையோடு நின்றுகொள்ளுங்கள், சைக்கிளைப் பாறைமேல் ஏற்ற வேண்டாம். கீழக்குயில்குடி சமணர் மலையிலும் அப்படியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்க் கரைகளை விட்டுவிடுங்கள். ஈரக் கரையில் டயர் போட்ட தடம் வழியாகத் தண்ணீர் அரித்து இறங்கும். மடைக்கும், உபரி நீர் வெளியேறும் கலுங்குக்கும் பக்கத்தில் அந்த அரிப்பு கரையையே உடைத்துவிடும்.