அப்பாவின் கேப்ரிக்கு எந்த இன்ஜின்?

கேள்வி: "டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். அப்பா செகண்ட் ஹேண்டாக வாங்கி ஆசையாக ஓட்டிய 1971 மாடல் ஃபோர்டு கேப்ரி 3000, பதினெட்டு வருடமாக வீட்டுக் கராஜில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. இன்ஜின் இறுகிப்போய்ச் சுற்றவே மறுக்கிறது. மாமா மகன் ஒரு லெக்ஸஸ் வி8 இன்ஜினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு மலிவாகத் தருவதாகச் சொல்கிறான். நண்பர்களோ, கேப்ரி என்றால் பெரானா என்ற பழைய வி8 கேப்ரி மாதிரி ஃபோர்டு 302 வி8 இன்ஜின்தான் போட வேண்டும் என்கிறார்கள். வெல்டிங் ஓரளவு தெரியும். கராஜ் கூரை உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டி, வார இறுதிகளில் நானே செய்ய ஆசை. எந்த இன்ஜின் நல்லது? அடுத்த தைப்பூசக் காவடிக்குக் கோயிலுக்கு ஓட்டிப் போக முடியுமா?"

தம்பி, அந்த லெக்ஸஸுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். இன்ஜின் கெட்டது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் இன்ஜினைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், பாடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சுவர் இருந்தால்தானே சித்திரம். பதினெட்டு வருடம் டர்பன் கடற்காற்றில் நின்ற கேப்ரியில் சுவர் எந்த அளவுக்கு மிச்சம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தார்ப்பாய் மழையைத் தடுக்கும்; ஆனால் ஈரத்தையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். திறந்த வெளியில் நின்ற வண்டியைவிடத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது மோசமாக இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் ஒரு ஸ்குரூ டிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். பானட்டைத் திறந்து, முன்பக்கம் இரண்டு சக்கரங்களுக்கும் மேலே ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண், வந்து பொருந்தும் இடத்தைப் பாருங்கள். கேப்ரியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முன் சக்கரம் வாங்கும் அடி முழுவதும் ஸ்ட்ரட் வழியாக அந்தத் தகட்டில்தான் இறங்குகிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறு அதன் அடியில் ஒட்டி, ஈரம் காயாமல் உள்ளிருந்தே அரிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்குரூ டிரைவரால் அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். பழைய அண்டர்சீல் கறுப்புப் பூச்சைச் சுரண்டாமல் எதையும் நம்பாதீர்கள்.

அடுத்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதி, கார்ப்பெட்டுக்கு அடியில் தரைத்தகடு, பேட்டரித் தட்டு, ஹெட்லைட்டுக்குப் பின்பக்க மட்கார்டு, முன் சேசிஸ் ரெயில்கள். பின்பக்கம் இலை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தாங்கிகளைத் தவறவிடாதீர்கள். வி8 இழுக்கும்போது அவற்றின் மேல்தான் முறுக்கு விழும்.

1989இல் ஒரு ஃபோர்டு கார்ட்டினாவில் நான் இந்த வரிசையை மாற்றிச் செய்தேன். இன்ஜினை முதலில் போட்டு, ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பாடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மூன்றாம் மாதம் ஒரு வேகத்தடையில் ஸ்ட்ரட் தாங்கி பிளந்து பானட்டை முட்டியது. போட்ட இன்ஜின், ஒயரிங், பிரேக் குழாய் எல்லாவற்றையும் மறுபடி கழற்றித்தான் வெல்டிங் செய்ய முடிந்தது. அன்று என் தங்கச்சி பக்கத்து சீட்டில் இருந்தாள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெல்டிங் தெரியும் என்கிறீர்கள், நல்லது. பாடித் தகடு ஏறக்குறைய 0.8 முதல் 1 மில்லிமீட்டர் கனம்தான். மிக் வெல்டரில் 0.6 கம்பி போட்டு, புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே ஓட்டமாக இழுத்தால் தகடு சுருண்டுவிடும். சில்லை வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துப் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு கதவு என்றைக்கும் ஒழுங்காக மூடாது. பேட்டரியையும் பெட்ரோல் டாங்கையும் வண்டியிலிருந்து கழற்றி வெளியே வைத்த பிறகுதான் முதல் பொறி பறக்கலாம். டாங்க் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். நிறைந்த டாங்கைவிட அதுதான் ஆபத்து. தரையும் சில்லும் நீங்கள் செய்யுங்கள். ஸ்ட்ரட் தாங்கியை மட்டும், கேப்ரி அல்லது ஃபோர்டு எஸ்கார்ட் செய்து பழகிய பேனல் பீட்டரிடம், அதாவது பாடித் தகடு வேலை செய்பவரிடம், கொடுங்கள். சக்கரக் கோணம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கூரை உத்தரத்தில் செயின் பிளாக் வேண்டாம். நம் ஊர் வீடுகளின் கராஜ் உத்தரம் ஓடோ தகரமோ தாங்கக் கட்டியது. வார்ப்பிரும்பு இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் கால் டன்னைத் தொட்டுவிடும். சக்கரம் வைத்த இன்ஜின் கிரேனை ஒரு சனி ஞாயிறுக்கு வாடகைக்கு எடுங்கள். வண்டிக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கையும் நம்பாதீர்கள், செங்கல்லையும் நம்பாதீர்கள். நான்கு ஆக்ஸில் ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள்.

பாடி தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு இன்ஜினுக்கு வருவோம். உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் மூன்று. விட்டுப்போன மூன்றாவது, வண்டிக்குள்ளேயே இறுகிக் கிடக்கும் அப்பாவின் இன்ஜின், எஸ்ஸெக்ஸ் வி6.

இறுகிய இன்ஜின் எல்லாம் செத்த இன்ஜின் இல்லை. ஸ்பார்க் பிளக் ஆறையும் கழற்றி, டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரால் உசுப்பவே கூடாது. பெரும்பாலும் பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். இந்த 2994 சி.சி. இன்ஜினை இங்கிலாந்து எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆனால் நம் போர்ட் எலிசபெத் ஸ்ட்ருவாண்டேல் தொழிற்சாலையில் 2000ஆம் ஆண்டுவரை தயாரித்தார்கள். கார்ட்டினா எக்ஸ்ஆர்6, சியாரா என்று தென்னாப்பிரிக்கா முழுக்க ஓடிய இன்ஜின் இது. பிஸ்டன், பேரிங், ஹெட் கேஸ்கெட் தேட உலகத்திலேயே நல்ல இடம் நம் நாடு. சிலிண்டரைக் கடைந்து, கிராங்க் தேய்த்துக் கொடுக்க லேத் பட்டறைக்காரர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்.

அதன் இரண்டு பலவீனங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்றும் பல்சக்கரத்தின் பற்கள் ஃபைபரால் ஆனவை. வயதானால் உதிரும், உதிர்ந்தால் ஓடும் வண்டி அப்படியே நின்றுவிடும். உலோகப் பல்சக்கரம் போட்டுவிடுங்கள். கொஞ்சம் சத்தம் கூடும், பரவாயில்லை. இரண்டாவது, ஆயில் பம்பைச் சுற்றும் அறுகோணக் கம்பி. அதன் முனைகள் மழுங்கிவிட்டால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆயில் பிரஷர் மட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். கெட்டிப்படுத்திய புதுக் கம்பி ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். ஹெட் கழன்றிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டியான சீட் போடச் சொல்லுங்கள். 2006 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. பழைய மென்மையான சீட் நெடுஞ்சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இனி 302. ஜோஹன்னஸ்பர்க்கில் பேசில் க்ரீன் 1970 முதல் கேப்ரிக்குள் இந்த 4942 சி.சி. இன்ஜினைப் பொருத்தி, ஃபோர்டின் உத்தரவாதத்தோடே விற்றார்; அதுதான் பெரானா. ஆக, பொருந்துமா என்ற சந்தேகமே வேண்டாம். ஆனால் மஸ்டாங்கிலிருந்து வந்த 302இன் ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) முன்பக்கம் தொங்கும். கேப்ரியில் அந்த இடத்தில் கிராஸ்மெம்பர் என்ற இரும்புச் சட்டம் குறுக்கே போகிறது. பின்பக்கம் தொங்கும் சம்பும் அதற்கேற்ற ஆயில் உறிஞ்சு குழாயும் வேண்டும். இன்னொரு சிக்கல்: 1981 வரை வந்த 302களில் கிராங்கைச் சமன்செய்யும் எடை 28 அவுன்ஸ்-அங்குலம், அதற்குப் பிந்தியவை 50. பழைய கிராங்குக்குப் புது ஃப்ளைவீலைப் போட்டால் வண்டி ஓடும், ஆனால் பல் கிடுகிடுக்க நடுங்கும். சில மாதத்தில் பேரிங் போய்விடும். ஸ்கிராப் யார்டில் பாகம் பாகமாகப் பொறுக்கிச் சேர்த்த 302ஐ வாங்கினால், கிராங்கின் முன்முனையில் இருக்கும் டாம்பரும் பின்முனையில் இருக்கும் ஃப்ளைவீலும் ஒரே ஜோடிதானா என்று கேட்டுத் தெளிந்த பிறகு கையை நீட்டுங்கள்.

லெக்ஸஸ், அதாவது 1யூஇசட். நான்கு லிட்டர், 32 வால்வு, முழுக்க அலுமினியம். நான் கை வைத்த வி8களில் இவ்வளவு பொறுமையாக உழைப்பது வேறு இல்லை. மாமா மகன் ஏமாற்றவில்லை. சிக்கல் அதன் அகலம். ஹெட் ஒன்றுக்கு இரண்டாக நான்கு கேம் இருப்பதால், கேப்ரியின் ஒடுங்கிய இன்ஜின் அறையில் வலது எக்ஸாஸ்ட் மனிஃபோல்டு நம் ஸ்டியரிங் கம்பியோடு சண்டைக்கு வரும். ஸ்டியரிங் கம்பியை இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட் போட்டு வளைத்துவிட வேண்டியிருக்கும். அது உங்கள் வெல்டிங் வேலை இல்லை. தகுந்த பட்டறையில்தான் செய்ய வேண்டும். சம்ப் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பது இதிலும் வண்டிக்கு வண்டி மாறும். கம்ப்யூட்டரும் முழு ஒயர் கட்டும் இன்ஜினோடு சேர்ந்து வரவில்லை என்றால் விலை மலிவே இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இன்டேக் மனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. இன்ஜின் தரையில் இருக்கும்போதே அதையும் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் பக்கமும் புதிதாகச் செய்ய வேண்டும்: பிரஷர் பம்பு, திரும்பி வரும் குழாய், இன்ஜெக்ஷனுக்கென்றே செய்த ஹோஸ். கார்புரேட்டர் காலத்து ஹோஸ் அந்த அழுத்தம் தாங்காது. வெடித்தால் சூடான எக்ஸாஸ்ட் மேல்தான் பெட்ரோல் பீய்ச்சும்.

வி8 எதுவானாலும் முன் பிரேக்கை மாற்றாமல் சாலைக்கு வராதீர்கள். காற்றோட்டமுள்ள டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் வேண்டும். ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும். பிப்ரவரி மாதம் எம்7 நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் நிற்கும் வண்டி இது. பின் ஆக்ஸில் அட்லஸ் வகைதான், கெட்டியானது, அதை விட்டுவிடலாம். பெயின்ட் கடைசி, அதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

காகித வேலையை இலேசாக எடுக்காதீர்கள். இன்ஜின் மாறினால் எண் மாறுகிறது. போலீஸ் கிளியரன்ஸ், ரோட்வொர்தி எனும் ஓட்டத் தகுதிச் சான்று, பதிவில் புது எண் எல்லாம் முடிந்தால்தான் வண்டி சட்டப்படி சாலைக்கு வரலாம். மாமா மகனாக இருந்தாலும் இன்ஜின் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால், உறவு கெட்டாலும் பரவாயில்லை, தொடாதீர்கள். வண்டியோடு சேர்த்துப் பறிமுதல் ஆகலாம். வேறு இன்ஜின் போட்டாலும் அப்பாவின் இன்ஜினை விற்காதீர்கள். எண்ணெய் தடவி ஒரு மூலையில் வையுங்கள்.

எது போடுவது என்று நேராகக் கேட்டால் என் பதில்: எஸ்ஸெக்ஸ். இது உங்கள் முதல் வண்டி வேலை. மவுன்டிங், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்டியரிங் எதுவும் மாற வேண்டாம். இருந்த இடத்திலேயே திரும்ப உட்காரும். அதோடு, அப்பா காலையில் ஸ்டார்ட் செய்தபோது வீட்டுக்குள் கேட்ட சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். லெக்ஸஸில் அது வராது. சிலிண்டர் பிளாக் வெடித்திருந்தால் மட்டும் 302. லெக்ஸஸை இரண்டாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு ஒரு குறிப்பு, ஏனென்றால் நல்ல இன்ஜின்கள் அந்த அரை மணியில்தான் கெடுகின்றன. எஸ்ஸெக்ஸும் பழைய 302உம் தட்டையான டாப்பெட் வைத்தவை. புதுக் கேம் போட்டால் துத்தநாகம் கலந்த ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனவுடன் 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிடம் பிடியுங்கள். ஐடிலில் விடாதீர்கள்; கேம் முகடு தேய்ந்துவிடும். அதனால் பெட்ரோல், தண்ணீர், இக்னிஷன் டைமிங் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். மின்வெட்டு ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்து வையுங்கள். நடுவில் கராஜ் இருட்டானால் கசிவு கண்ணுக்குத் தெரியாது.

தைப்பூசம்? அடுத்ததற்கு முடியாது, தம்பி. வார இறுதி மட்டும் உழைத்தால் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பாதி வெல்டிங். ஸ்ட்ரட் தாங்கி இரண்டையும் சுரண்டி, மேலிருந்தும் அடியிலிருந்தும் படம் எடுத்து அனுப்புங்கள். தகடு மாற்றினால் போதுமா, முழு உள்மட்கார்டையும் மாற்ற வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.