காந்திபுரத்தில்தான் கூட்டம் அதிகம். என் கடைக்கு ஹோர்டிங் அங்கேயே வைக்கலாமா?

கேள்வியின் சுருக்கம்: பீளமேட்டில் அவிநாசி சாலையை ஒட்டி ஃபர்னிச்சர் கடை திறக்கப் போகிறீர்கள். ஏஜென்சிக்காரர் காந்திபுரம், திருச்சி சாலை, அவிநாசி சாலை என்று மூன்று இடம் காட்டியிருக்கிறார். காந்திபுரத்துக்கு வாடகை அதிகம், கூட்டமும் அதிகம். அதையே எடுத்துவிடலாமா?

வேண்டாம் என்பேன். கோவையில் ஃப்ளெக்ஸ் அச்சு, ஹோர்டிங் வேலை இரண்டிலும் இருப்பவன் நான். என் தொழிலில் இருப்பவர்களே இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

காந்திபுரத்தில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். டவுன் பஸ் ஸ்டாண்டும் வெளியூர் பஸ் ஸ்டாண்டும் அங்கேதான். பாதிப் பேர் வெளியூர். மீதிப் பேரின் கண் பஸ் நம்பர் மேல் இருக்கும். வண்டியில் வருபவருக்கோ குறுக்கே பாயும் ஆட்களையும் வளையும் பஸ்களையும் பார்க்கவே நேரம் போதாது. பக்கத்துக் கிராஸ்கட் ரோட்டில் ஒவ்வொரு கட்டடமும் தானே ஒரு விளம்பரம். அந்த நெரிசலில் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் பெரிய பெரிய போர்டு வைக்கின்றன என்றால், அவர்களுக்கு அதே பெயர் டிவியிலும் பேப்பரிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, கடையும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. சோபா வாங்கப் போகிறவர் காந்திபுரத்தில் போர்டைப் பார்த்துவிட்டு அங்கிருந்து பீளமேட்டுக்கு வண்டியைத் திருப்ப மாட்டார்.

ஏஜென்சிக்காரர் "தினமும் இவ்வளவு வண்டி போகுது சார்" என்பார். எத்தனை வண்டி போகிறது என்பது ஒரு கணக்கு. அதில் எத்தனை பேருக்கு அந்த இடத்தில் தலையைத் தூக்கிப் பார்க்க நேரம் இருக்கிறது என்பது வேறு கணக்கு. நீங்கள் காசு கொடுப்பது இரண்டாவதற்கு.

அந்த நேரத்தைக் கணக்குப் போடுவது எளிது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் நகரும். போர்டு 60 மீட்டர் தள்ளியிருந்தே தெளிவாகத் தெரிகிறது என்றால், கையில் இருப்பது ஐந்தரை நொடி. அதில் முன்னால் போகும் ஆட்டோ, ஸ்பீட் பிரேக்கர், கண்ணாடி எல்லாம் போக, போர்டுக்கு ஒன்றோ இரண்டோ நொடி மிஞ்சும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது ஹோர்டிங் தொழிலில் பழைய கணக்கு. 60 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 200 அடி, ஆக எழுத்து 20 அங்குல உயரம் வேண்டும். இருபதுக்குப் பத்து போர்டின் மொத்த உயரமே 120 அங்குலம். இடைவெளி விட்டு எழுதினால் மூன்று வரிக்கு மேல் நிற்காது. கடையின் பெயர், என்ன கிடைக்கும், எங்கே இருக்கிறது. அவ்வளவுதான். இரண்டு போன் நம்பர், வெப்சைட், ஐந்து கிளைகளின் முகவரி எல்லாம் போட்டுக் கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். சொன்னால் கோபித்துக் கொள்வார்கள், அதனால் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

தமிழில் எழுதுவதானால் இன்னொன்று. ஸ்டைலான தடித்த எழுத்துருவில் புள்ளியும் சுழியும் தூரத்தில் அடைந்துபோய், 'ன'வும் 'ண'வும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். கம்ப்யூட்டர் திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். ஏ4 தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, எட்டி நின்று பாருங்கள். போர்டுக்கு அதிகபட்சம் எத்தனை வரி என்று தெரிந்துகொண்டால், எந்த இடம் உதவாது என்பதும் பாதி தெரிந்துவிடும். 20 மீட்டர் கிட்டே போனால்தான் தெரியும் போர்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீண்.

அப்புறம், ஏஜென்சி அனுப்பும் போட்டோவை நம்பி இடம் எடுக்காதீர்கள். அது ஜூம் போட்டு, காலை ஏழு மணிக்கு, ரோடு காலியாக இருக்கும்போது எடுத்ததாக இருக்கும். மரம் வெட்டிவிட்ட மாதம் பார்த்து எடுத்ததாகவும் இருக்கலாம். உங்கள் வாடிக்கையாளர் எந்த வண்டியில் வருவாரோ அதில் ஏறிப் போய்ப் பாருங்கள். கட்டட மாடிமேல் நிற்கும் போர்டு, நடந்து போகிறவருக்குப் பளிச்சென்று தெரியும். காருக்குள் உட்கார்ந்தால் கிட்டே நெருங்கும்போது கூரை மறைத்துவிடும், தூரத்தில் தெரிந்தால்தான் உண்டு. டூவீலரில் ஹெல்மெட்டோடு போகிறவர் நிமிர்ந்தே பார்ப்பதில்லை. ஃபர்னிச்சர் வாங்க வருவது பெரும்பாலும் குடும்பமாகக் காரில். அதனால் கார் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதுதான் உங்களுக்குச் சரியான சோதனை. டிரைவர் சீட்டில் இருந்து மட்டும் பார்க்காமல் பக்கத்து சீட்டில் இருந்தும் பாருங்கள். வேடிக்கை பார்ப்பதும், "இங்க ஒரு கடை புதுசா வந்திருக்கு" என்று சொல்வதும் அந்த சீட்டில் இருப்பவர்தான்.

இப்போது அவிநாசி சாலைக்கு வருவோம். உங்கள் கடை அங்கே இருப்பதால் அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் 2025 அக்டோபருக்குப் பிறகு அந்தச் சாலையின் கணக்கே மாறிவிட்டது. அப்போது திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸில் இறங்குகிறது, 10.1 கிலோமீட்டர். விமான நிலையம், நீலாம்பூர், திருப்பூர் என்று தூரம் போகிற கார்கள் மேலே போய்விடுகின்றன. மேலே போகிறவருக்குக் கீழே இருக்கும் போர்டு தெரியாது. கீழே போகிறவருக்குப் பாலத்தின் தூண்களும் நிழலும் நடுவில் நிற்கின்றன. முன்பு எதிர்ப்பக்கத்துப் போர்டும் இந்தப் பக்கம் வருகிறவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. இன்று தூண் வரிசைக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கழித்துவிடுங்கள். யாராவது பாலத்துக்கு முந்தைய போட்டோவையும் அந்தக் காலத்து வாடகையையும் காட்டினால், நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இதில் உங்களுக்கு லாபமும் இருக்கிறது. தூரம் போகிறவர்கள் மேலே போய்விட்டதால், கீழே வருவதில் அந்தந்தப் பகுதியில் வேலை இருப்பவர்களின் பங்கு கூடிவிட்டது. பீளமேடு, மசக்காளிபாளையம், ஹோப் காலேஜ் சுற்றுவட்டாரத்து ஆட்கள். உங்களுக்கு வேண்டியவர்களும் அவர்கள்தான்.

எந்தத் திசையில் போகிறவர்களுக்கு என்று கேட்டால், சாயங்காலம் நகரத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு. காலையில் உள்ளே வருகிறவர் ஆபீஸ் நினைப்பில் இருப்பார், கடையும் திறந்திருக்காது. வெயிலும் இதற்குச் சாதகம். சாயங்காலம் நகரத்துக்குள் வருகிறவருக்குச் சூரியன் நேர் எதிரே. போர்டின் பின்னால் வெயில் அடித்தால் முன்பக்கம் இருண்டு கிடக்கும், கண் கூசுகிறவர் அதைப் பார்க்கவும் மாட்டார். வெளியே போகிறவருக்கு வெயில் முதுகுப்பக்கம். அதே வெயில் போர்டின் மேல் விழுந்து, விளக்கே இல்லாமல் ஆறு மணி வரை பளிச்சென்று காட்டும். அதற்குப் பிறகுதான் விளக்குக் கணக்கு. இந்த வெயில் விஷயத்தை வாடகை பேசும்போது யாரும் சொல்ல மாட்டார்கள், இரண்டு பக்கத்துக்கும் ஒரே விலைதான் சொல்வார்கள்.

போர்டு இடதுபக்கம், ரோட்டுக்குச் சற்றுச் சாய்வாக, வருகிறவரைப் பார்த்து நிற்க வேண்டும். கடைக்கு முன்னால் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருந்தால் போதும். கடையைத் தாண்டி வைத்தால், பார்த்தவர் யூ-டர்ன் அடிக்க வேண்டும். பாலத்துக்குக் கீழே யூ-டர்ன் எங்கே இருக்கிறது என்று தேடி ஒருவர் உங்கள் கடைக்கு வருவார் என்று நினைக்கிறீர்களா? "அடுத்த சிக்னல் தாண்டி இடதுபக்கம்" என்று எழுத முடிகிற இடம்தான் நல்ல இடம்.

சிக்னல் பக்கத்து போர்டு என்றாலே விலை ஏற்றுவார்கள். சிவப்பு விழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள்தான். ஆனால் முதல் வரிசையில் நிற்பவருக்கு மட்டும் தெரிகிறதா, ஐம்பது மீட்டர் பின்னால் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவருக்கும் தெரிகிறதா என்று பாருங்கள். பின்னால் நிற்பவர்கள்தான் அதிகம்.

திருச்சி சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் ஆட்கள் உங்களுக்கு வேண்டும் என்றால், அவர்கள் உங்கள் பக்கம் வருவது காமராஜர் ரோடு வழியாக. திருச்சி சாலையில் பெரிய போர்டு எடுப்பதைவிட, காமராஜர் ரோட்டில் ஹோப் காலேஜைப் பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு சின்ன போர்டு கிடைத்தால் அதை எடுப்பேன். அதேபோல விளாங்குறிச்சி ரோடு. டைடல் பார்க் அங்கே இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்து வாடகை வீடு பிடித்து, கட்டிலும் மேசையும் தேடுகிறவர்கள் தினமும் போகிற வழி. உங்களுக்குக் காட்டிய மூன்றில் இல்லாத இடங்கள் இவை, ஏனென்றால் ஏஜென்சியின் கையில் இருக்கும் போர்டைத்தான் அவர் காட்டுவார்.

இனி சட்டம். இதைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, சரிபார்க்க வேண்டியது முதலில். 2023 ஜூன் 1 அன்று கருமத்தம்பட்டி அருகே போர்டு பொருத்தும் வேலையின்போது இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். நம் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா இருக்காது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால், நானூறு சதுர அடி ஃப்ளெக்ஸ் என்ன ஆகும்? மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேரைக் கொன்ற போர்டு 120க்கு 120 அடி. அங்கே மாநகராட்சி அனுமதிக்கும் அளவு 40க்கு 40 அடிதான். பள்ளிக்கரணையில் 2019-இல் பேனர் விழுந்து ஓர் இளம் பெண் பலியானதும், அதன்பின் உயர் நீதிமன்றம் காட்டிய கோபமும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே உள்ளாட்சி அமைப்பு கொடுத்த உரிமத்தின் நகலைக் கேளுங்கள். யார் பெயரில், என்ன அளவுக்கு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். கட்டுமான உறுதிச் சான்றிதழையும் கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். உரிமம் இல்லாத போர்டைத் திடீரென்று ஒருநாள் அதிகாரிகள் வந்து இறக்கினால், உங்கள் திறப்பு விழா விளம்பரமும் சேர்ந்து இறங்கும்.

பணம் பேசும்போது சில விஷயங்கள். சொல்லும் வாடகையில் ஃப்ளெக்ஸ் அச்சுக்கூலி, மாட்டும் கூலி, 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள், பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கும். நடுவில் போர்டு இறங்கினால் மீதி நாளுக்குப் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். விளக்குப் போட்ட போர்டு என்றால் மாதம் ஒருமுறை இரவில் எடுத்த போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். நான்கு விளக்கில் இரண்டு எரியாமல் கிடப்பது இங்கே சர்வசாதாரணம். ஒரே இடத்தை ஒரு வருடத்துக்கு எடுக்காதீர்கள். தினமும் அந்த வழியில் போகிறவருக்குச் சில வாரங்களில் போர்டு பழகிப்போய், கண்ணில் பட்டும் படாமலே இருக்கும். திறப்புக்கு முன் சில வாரம், திறந்தபின் ஒரு மாதம், அப்புறம் படத்தையோ இடத்தையோ மாற்றுங்கள்.

கடைசியாக, வண்டியில் சுற்றும்போது 'விளம்பரத்திற்கு' என்று போன் நம்பரோடு காலியாகக் கிடக்கும் போர்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் காலி என்று பாருங்கள். மரமோ தூணோ மறைத்தால் விட்டுவிடுங்கள். ஒன்றும் மறைக்கவில்லை என்றால், அந்த நம்பருக்கு நேராகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஏஜென்சி சொல்லும் விலைக்குக் கீழே நிச்சயம் இறங்கி வருவார்கள். தீபாவளி நெருங்கினால் இந்தப் பேச்சு எடுபடாது, அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.