முறைப்பாடு குறைந்தால் வன்முறை குறைந்ததா?

தங்கச்சி, உங்கள் பகுதியில் பொலிஸுக்குப் போகும் குடும்ப வன்முறை முறைப்பாடுகள் மூன்று வருடமாகக் குறைகின்றன, ஆய்வறிக்கையில் ‘வன்முறை குறைந்துவிட்டது’ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதாதேங்கோ. அடி வாங்கியவர் எத்தனை பேர் என்று அந்த எண் சொல்லாது; பொலிஸ் படியேறியவர் எத்தனை பேர் என்றுதான் சொல்லும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா கன்னம் வீங்கி வந்து, “கிணற்றடியில் வழுக்கிவிட்டது” என்றார். முதல் நாள் இரவு சட்டி உருண்ட சத்தம் வேலிக்கு இங்கால கேட்டது. அவர் எந்தப் பதிவிலும் இல்லை.

இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுக்கப் பெண்களிடம் நேரே கேட்டு எடுத்த ஆய்வைப் பாருங்கள். எப்போதாவது துணை இருந்த பெண்களில், அந்தத் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் சந்தித்தவர்கள் 20.4 சதவீதம், ஐந்தில் ஒருவர். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்புக் கட்டளை (வன்முறை செய்பவரைத் தடுக்கும் நீதிமன்ற உத்தரவு) கேட்டு நீதவான் நீதிமன்றம் போனவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணியோடு நேரே போனவர் பொலிஸ் கணக்கில் வராமலே போகலாம்.

நேர்காணல் செய்வதென்றால் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனியே இருக்கும்போது கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் அதுதான். மாமியார் தேத்தண்ணியோடு வந்தால் பேச்சை மாற்ற, டெங்கு பற்றி நாலு கேள்வி கையில் இருக்கட்டும்.